அண்ணையிடம் மிஞ்சிய ஓகே

அண்ணை கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். வாயின் வலது ஓரம் சற்றுக் கீழே இழுபட்டிருந்தது. ஆஸ்பத்திரி வார்ட்டில் காலைத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரம். கிருமிநாசினி மணத்தின் மேலே தேயிலை மணம் மிதந்து வந்தது.

மச்சாள் கட்டிலோரம் குனிந்து, "இஞ்சருங்கோ, என்னைத் தெரியுதோ?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்.

பாரிசவாதம் வந்து முற்றத்தில் விழுந்த நேரத்திலிருந்து அண்ணையின் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இப்போது உதடுகள் அசைந்தன. தொண்டைக்குள் ஏதோ உருண்டது.

"ஓகே" என்றார்.

மச்சாள் அழுகையும் சிரிப்புமாக என் பக்கம் திரும்பினார். "கதைச்சிட்டார் தம்பி! கதைச்சிட்டார்!"

நானும் கட்டிலுக்குக் கிட்டப் போனேன். "அண்ணை, நான் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"ஓகே."

"தண்ணி வேணுமோ?"

"ஓகே."

"எங்கையாவது நோகுதோ?"

அண்ணை புருவத்தைச் சுருக்கினார். வேறு எதையோ சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்பது தெளிவாகத் தெரிந்தது. வந்தது "ஓகே." மறுபடியும் முயன்றார். மறுபடியும் "ஓகே." தன் வாயிலிருந்து வருவது தான் நினைத்தது அல்ல என்பதை அவர் கண்டுகொண்ட கணம் அது. இடது கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அந்தக் கண்களில் இருந்த பயத்தை என் அண்ணையிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஏலக்காரரின் நாக்கு

பரமலிங்கம் என்ற என் அண்ணை நீர்வேலி வாழைக்குலைச் சந்தையில் ஏலம் கூறுபவர். அவருக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை. கதலி, இதரை, மொந்தன், கப்பல் என்று எந்தக் குலை வந்தாலும் அதற்கென்று ஒரு கதை அவர் நாக்கில் ஆயத்தமாக இருக்கும்.

"இந்தக் கதலியை வடிவாப் பாருங்கோ! சீப்புக்குச் சீப்பு அக்கா தங்கச்சி மாதிரி அடுக்கா நிக்குது. கூட்டிக்கொண்டு போறவன் குடுத்து வைச்சவன்!"

வாழைப்பழத்தோடு சம்பந்தமே இல்லாதவர்கள்கூட சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக் கேட்டுவிட்டுப் போவார்கள். மற்ற ஏலக்காரர்கள் "ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்" என்று முடிப்பார்கள். அண்ணை குலைத்தண்டில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, "ஓகே!" என்பார். அதோடு சரி. அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க முடியாது.

அந்த நாக்கில் மிஞ்சியது இந்த ஒரு சொல்தான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க பெண்பிள்ளையான ஒரு இளம் டொக்டர் வந்தார். அண்ணையிடம் பேனையைக் காட்டச் சொன்னார், காட்டினார். யன்னலைக் காட்டச் சொன்னார், காட்டினார். பிறகு எங்களை வெளியே கூப்பிட்டு, "அவருக்கு எல்லாம் விளங்குது. நினைக்கிறதும் சரியாத்தான் நினைக்கிறார். சொல்லு வெளியாலை வாற பாதைதான் பழுதாப் போச்சு" என்றார்.

"அப்ப உந்த ஓகே மட்டும் எப்பிடிப் பிள்ளை வருது?" என்று மச்சாள் கேட்டார்.

"சில பேருக்கு அப்பிடி ஒரு சொல்லு தங்கிவிடும் அம்மா. திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகின சொல்லா இருக்கலாம். சிலருக்குக் கடவுளின்ரை பேர். சிலருக்குத் தூசண வார்த்தை. எது மிஞ்சும் எண்டு ஆரும் தெரிவு செய்யேலாது."

மச்சாள் கையெடுத்துக் கும்பிட்டார். "தூசணம் மிஞ்சாமல் விட்டுதே. அது பிள்ளையார் செய்த புண்ணியம்" என்றார். அத்தனை கவலைக்குள்ளும் டொக்டர் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

துவக்குக்கு முன்னால் ஒரு சொல்

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தச் சொல்லையே யோசித்துக்கொண்டு வந்தேன். நாங்கள் எல்லோரும் ஒரு நாளில் எத்தனையோ முறை வாயால் துப்பிவிடும் சொல். அகராதியில் தேட நினைக்காத சொல். எங்கே பிறந்தது, எப்படி எங்கள் ஊருக்குள் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது எனக்கு முதன்முதலில் பெரிதாகப் பட்ட இடம் தெரியும்.

சண்டைக் காலத்தில் எங்கள் தெருவில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. அங்கே நின்ற சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. எங்களுக்குச் சிங்களம் தெரியாது. அவனிடம் துவக்கு, எங்களிடம் சைக்கிள். நடுவில் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று.

அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு "ஓகே, ஓகே" என்று கையை வீசினால் போகலாம். அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து "ஓகே...?" என்று இழுத்தால் பையைத் திறந்து காட்ட வேண்டும். அட்டையைத் திருப்பித் தராமல் வெறுமனே "ஓகே" என்றால், ஓரமாக நில் என்று பொருள். உயிரோடு வீட்டுக்குப் போவதும் போகாமல் விடுவதும் அந்தச் சொல்லின் இழுப்பில் இருந்தது. கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு காதை மட்டும் கூர்மையாக்கி நிற்போம்.

கண்ணாடிக் கூண்டுக்குள்

பிறகு நான் கோப்பாயில் கொமினிக்கேசன் கடை நடத்தினேன், காசு கொடுத்து ரெலிபோனில் கதைக்கும் கடை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு கதைக்க ஊரே அங்கு வந்து நிற்கும். கண்ணாடிக் கூண்டின் கதவை எவ்வளவு சாத்தினாலும் முழுக் குரலும் வெளியே கேட்கும்.

எங்கள் ஊரில் விடைபெறும்போது "போறன்" என்று சொல்ல மாட்டோம். அது அபசகுனம். "போட்டு வாறன்" என்போம். ஆனால் கடல் கடந்து இருக்கும் மகனிடம் ரெலிபோனில் ஒரு தாய் எப்படிப் "போட்டு வாறன்" என்பாள்? அவள் எங்கே போய், எங்கே வருவது? "வைக்கிறன்" என்று சொல்லவும் மனம் வராது. அப்போது இந்தச் சொல் வந்து கைகொடுக்கும். "ஓகே அப்பன்... ஓகே... ஓம், ஓம்... ஓகே ராசா..." அந்த ஒவ்வொரு ஓகேயும் ஒரு படி. ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் நின்றுகொண்டு இன்னொரு ஓகே சொல்லி, அதற்குப் பிறகுதான் வைப்பார்கள்.

கலியாணப் பேச்சு நடக்கும். "பொடிச்சிக்கு ஓகேயாம்" என்றால் அரை ஊருக்குச் சாப்பாடு ஆயத்தம். "பொடியன் ஓகே தான்..." என்று கடைசி எழுத்து நீண்டால் அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்தது என்று பொருள். "ஓம்" என்ற எங்களுடைய சொல்லுக்கு அப்படி வளையத் தெரியாது. ஓம் என்றால் ஓம்தான். இது "ஓம்" மாதிரியே வாயைக் குவித்துத் தொடங்கி, பிறகு எந்தப் பக்கமும் திரும்பிவிடும். மனைவி வைத்த கறியை "ஓகே" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்ட ஆண்பிள்ளை எங்கள் ஊரில் இல்லை.

இவ்வளவையும் கேட்டுக் கேட்டு இருந்தவன் நான். அப்படியிருந்தும் அண்ணை அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு செய்த வேலைக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

வீட்டில்

வீட்டுக்கு வந்த முதல் மாதம் எல்லோருக்கும் நரகம். அண்ணை ஏதோ கேட்பார், மச்சாள் வேறொன்றைக் கொண்டுவருவார், அண்ணை இடது கையால் மேசையில் அடிப்பார். வலது கை சோர்ந்து மடியில் கிடக்கும். வலது காலை இழுத்து இழுத்து நடந்து கிணற்றடிக்குப் போய்த் தனியே உட்கார்ந்திருப்பார்.

பிறகு ஏதோ மாறத் தொடங்கியது. எந்த நாளில் என்று சொல்ல முடியாது. ஒருமுறை போனபோது மச்சாளும் அண்ணையும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். முறையான புருசன் பெண்சாதிச் சண்டை.

"ஓகே" என்றார் அண்ணை, மூக்கால் விட்டு.

"நீங்கள் சொன்னாப்போலை போடுறதோ? டொக்டர் சீனி போடக்கூடாதெண்டு சொன்னவர்."

"ஓகே ஓகே ஓகே."

"அவருக்கென்ன தெரியுமெண்டு கேக்கிறியளோ? அவர் படிச்ச மனுசன்."

"ஓகே!"

"என்னைப் பேசாதேங்கோ. தேத்தண்ணி வேண்டாமெண்டால் வையுங்கோ."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். எனக்குக் கேட்டது ஒரே சொல். மச்சாளுக்குக் கேட்டது முழு வசனங்கள்.

"மச்சாள், உங்களுக்கு எப்பிடி உது விளங்குது?" என்று கேட்டேன்.

"தெரியேல்லைத் தம்பி. சொல்லைக் கேக்கிறதை விட்டிட்டன். மனுசனைத்தான் கேக்கிறன்" என்றார்.

மகள் வதனி கனடாவில் இருக்கிறாள். மச்சாள் கைப்பேசியின் முகப்பில் மகளின் படத்தையும் என் படத்தையும் பெரிதாக வைத்துக் கொடுத்திருந்தார். படத்தைத் தொட்டால் அழைப்பு போகும். அண்ணை காலையில் மகளுக்கு ஒரு குரல்பதிவும் அனுப்புவார். அதில் இருப்பது ஒரு ஓகே. மகள் பதில் அனுப்புவாள். ஒருநாள் அவள் என்னை அழைத்தாள்.

"சித்தப்பா, அப்பாவுக்கு என்ன நடந்தது? ஆரோடை கோபம்?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"அவர்தான் சொன்னவர்."

போய் விசாரித்தேன். சந்தையில் புதிதாக ஏலம் கூறுகிறவர் வழியில் கண்டு, அண்ணையிடம் குழந்தைப் பிள்ளையோடு கதைப்பது போலச் சத்தமாக, சொல் சொல்லாகப் பிரித்துக் கதைத்திருக்கிறார். அந்த மனக்கொதிப்பு ஒரு ஓகேக்குள் ஏறி, கடல் தாண்டி, பனி கொட்டும் ஊரில் இருக்கும் மகளின் காதில் இறங்கியிருக்கிறது.

அந்த அழைப்பு

மாசிப் பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியிருந்த காலம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அண்ணையின் படம் வந்தது.

"ஓகே" என்றார்.

ரியூப்பை வைத்துவிட்டு எழும்பினேன். அந்த ஓகே நான் அதுவரை கேட்காத ஒன்று. தாழ்ந்து, உள்ளே இழுத்துக்கொண்டு போனது.

"என்ன அண்ணை? உங்களுக்கு ஏதாவதோ?"

"ஓகே" என்று வெட்டினார். இல்லை.

"மச்சாளுக்கோ?"

"ஓகே..." குரல் நடுவில் உடைந்தது.

ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரக்கூடிய கேள்விகளாகக் கேட்க வேண்டும். காதை மட்டும் நம்ப வேண்டும்.

"வீட்டுக்கையோ?"

வெட்டு.

"தோட்டத்துக்கையோ?"

"ஓகே." திடமாக, கீழே இறங்கி வந்தது.

"விழுந்திட்டாவோ?"

கொஞ்சம் தயக்கம். பிறகு வெட்டு.

"மயக்கமோ?"

வெட்டு. இப்போது ஆத்திரத்தோடு. நேரம் போகிறது, நேரம் போகிறது என்று அந்தச் சொல் என்னை உலுக்கியது. வாழைத்தோட்டம். சருகு. வெயில். என் வாயில் தானாக வந்தது.

"பாம்போ?"

"ஓகே! ஓகே! ஓகே! ஓகே!"

"அண்ணை, மச்சாளை எழும்பவிடாதேங்கோ. நடக்க விடாதேங்கோ. நான் வாறன். போனை வைக்காதேங்கோ!"

பக்கத்து வீட்டுப் பிள்ளை சத்தம் கேட்டு வேலிக்குக் கிட்ட ஓடிவந்தாள். அவளுடைய கைப்பேசியில் அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி, இடத்தையும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். கைப்பேசி சட்டைப் பைக்குள் சத்தமாகத் திறந்து கிடந்தது. கோப்பாயிலிருந்து நீர்வேலி அடுத்த ஊர்தான். அன்று அந்த வீதி முடிவேனா என்றது.

இயந்திரச் சத்தத்தின் ஊடாக நெஞ்சோடு ஒட்டி அண்ணையின் குரல் வந்துகொண்டிருந்தது. இப்போது அவர் என்னோடு கதைக்கவில்லை. குரல் மெலிந்து, தொட்டில் ஆட்டுவது போல ஒரே அளவில் போனது. "ஓகே... ஓகே... ஓகே..." அவர் மச்சாளுக்குப் பக்கத்தில் போய்விட்டார் என்று விளங்கியது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு, வாய்க்கால்களையும் வரம்பையும் தாண்டி எப்படிப் போனார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் வாழைகளுக்கு நடுவே இருந்தார்கள். மச்சாள் சருகின் மேல் படுத்திருந்தார். அண்ணை சேற்றில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, தன் இடது கையால் அவருடைய தோளை நிலத்தோடு அழுத்திப் பிடித்திருந்தார். மச்சாளின் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே வீங்கத் தொடங்கியிருந்தது.

"புடையன், தம்பி" என்றார் மச்சாள். கண்ணாடி விரியன் என்று மற்ற ஊர்களில் சொல்லும் பாம்பு. "சருகு வாரேக்கை கொத்திப்போட்டுது. பாம்பெண்டு நான் குளறினது வீட்டிலை மனுசனுக்குக் கேட்டிட்டுது. எழும்பி வீட்டை வர வெளிக்கிட்டன். மனுசன் விடேல்லை."

அவருடைய பல் ஈறில் இரத்தம் கசிந்திருந்தது. அண்ணை என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தபடி, "ஓகே... ஓகே..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீதியில் அம்புலன்ஸின் சத்தம் கேட்டது.

சொல்லும் போய்விட்டதோ

"வேளைக்குக் கொண்டுவந்திட்டியள். அலையவிடாமல் படுக்க வைச்சதும் நல்லதாப் போச்சு" என்றார் ஆஸ்பத்திரியில் டொக்டர். ஆனாலும் நஞ்சு மச்சாளை இலகுவில் விடவில்லை. மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகம் தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சாள் கண்ணை மூடியபடியே கிடந்தார்.

அண்ணை வார்ட்டுக்கு வெளியே நீளமான மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போக மாட்டேன் என்றார் என்று சொல்ல முடியாது. அவர் எதுவும் சொல்லவில்லை.

"அண்ணை, ரெண்டு வாய் சாப்பிடுங்கோ."

அண்ணை சாப்பாட்டுப் பொதியைத் தள்ளி வைத்தார்.

"வதனி லைனிலை நிக்கிறாள். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

கைப்பேசியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அங்கே மகள் அழுவது எனக்குக் கேட்டது. "அப்பா, ஓகே சொல்லுங்கோ அப்பா, ஒருக்கால் ஓகே சொல்லுங்கோ." அண்ணையின் உதடு அசையவில்லை. கைப்பேசியை என்னிடம் திருப்பித் தந்தார்.

அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி. மிஞ்சியிருந்த அந்த ஒரு சொல்லையும் தோட்டத்தில் செலவழித்து முடித்துவிட்டாரோ என்று எனக்குப் பயம் பிடித்தது. பேச்சுப் பயிற்சி கொடுத்த டொக்டர் பிள்ளையைத் தேடிப்போய்க் கேட்டேன். "இப்ப ஒண்டும் கேக்காதேங்கோ. பக்கத்திலை மட்டும் இருங்கோ" என்றார். இருந்தேன்.

ஒரு காலை நேரம் நேர்ஸ் வந்து, "அம்மா முழிச்சிட்டா. சிறுநீரும் நல்லாப் போகுது. உள்ளை போய்ப் பாக்கலாம்" என்றார்.

அண்ணை என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

யன்னல் வெயில் கட்டிலின் பாதி வரை வந்திருந்தது. மச்சாள் தலையணையில் தலையைத் திருப்பி அண்ணையைப் பார்த்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கதைக்கத் தெம்பில்லை. எதையோ சொல்ல வாயைத் திறந்தார், அது வரவில்லை. பிறகு காற்றுப் போல ஒரு சொல் வந்தது.

"ஓகே."

எனக்கு அது எந்த ஓகே என்று பிடிபடவில்லை. தண்ணீர் கேட்கிறாரா, நோகிறது என்கிறாரா, பயப்படாதேங்கோ என்று அண்ணைக்குச் சொல்கிறாரா. நான் நேர்ஸைக் கூப்பிடத் திரும்பினேன்.

அண்ணை இடது கையால் என்னைத் தடுத்தார். காலை இழுத்து இழுத்துக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். போர்வையை விலக்கினார். கட்டுப் போட்ட காலைத் தொடவில்லை. மற்றக் காலின் உள்ளங்காலில், குதிக்குச் சற்று மேலே, நகத்தால் மெதுவாகச் சொறிந்துவிட்டார். கொஞ்சம் நிறுத்தி, தலையை நிமிர்த்தி,

"ஓகே?" என்றார்.

"ஓம்... உந்த இடந்தான்" என்று மச்சாள் கண்ணை மூடிக்கொண்டார்.